டூலன் குடும்பத்தின் பூர்வீகம்

விசாரிக்காமல் எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் செய்ததில்லை. மகள் நிரஞ்சனா, லூகாஸ் டூலனைக் கட்டப்போவதாகச் சொன்னதும் நான் கேட்டேன்: "அவை ஆர் பகுதி?"

"அயர்லாந்து ஆக்கள், அப்பா. நூற்றறுபது வருசத்துக்கு முந்தி டோர்ட்மண்டுக்கு நிலக்கரிச் சுரங்கம் வெட்ட வந்தவை. இனி ஆரிட்டை விசாரிக்கிறது?"

"நான் விசாரிக்கிறன். பிழையான குடும்பமெண்டால் கலியாணம் இல்லை."

ஊரில் என்றால் ஒரு தரகரும் இரண்டு கிழமையும் போதும். இங்கே நாலு மாதம் ஆவணக்காப்பகத்தில் குந்தியிருந்து, பழைய ஜெர்மன் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் பழகினேன். கடைசியில் தேவாலயப் பதிவேட்டில் அகப்பட்டது. முதல் டூலனின் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் மே மாதம். தாய் தகப்பனுக்குக் கலியாணம் அதே வருடம் நவம்பர்.

பிரதியை உறையில் வைத்து, கோட் போட்டுக்கொண்டு, லூகாஸின் தாய் வீட்டுக்குப் போனேன். மாதங்களை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். திருமதி டூலனின் கண் கலங்கியது. காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

"என் கணவர் சாகும்வரை தேடினார். அந்த முதல் தாயுடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது," என்று அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். "பிள்ளைக்குப் பிறகு கலியாணமா? துணிச்சல்காரி!"

வீட்டுக்கு வந்து, கலியாணம் இல்லை என்றேன்.

"சரி," என்றாள் நிரஞ்சனா. "சந்திரா மாமி காரணம் கேட்பா. உங்கட மகள் நாலு வருசம் எப்பிடிப்பட்ட வீட்டுக்குப் போய்வந்தவள் எண்டு நீங்களே விளக்கமாச் சொல்லுங்கோ."

எங்கள் வீட்டுப் பெயரை நினைத்துப் பார்த்தேன். மண்டபத்துக்கு நாள் எடுத்தோம்.

கலியாணத்தன்று மண்டப வாசலில், நிறைகுடத்துக்குப் பக்கத்தில், அந்தப் பதிவேட்டுப் பக்கம் கதவளவுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நின்றது. கீழே, கண்டுபிடித்தவர் குருமூர்த்தி என்று திருமதி டூலன் தமிழிலேயே அச்சடித்திருந்தார்.

என் தங்கை சந்திரா அதன் முன்னால் நின்றாள். "அண்ணை, உதிலை என்ன எழுதியிருக்கு? ஒரு எழுத்தும் விளங்கேல்லை."

நான் தொண்டையைச் செருமினேன். "கோயிலுக்குக் காணி எழுதிக் குடுத்த குடும்பமாம்."

"அப்ப நல்ல பகுதிதான்!" என்று அவள் உள்ளே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய கணவர் ஸ்ரீதரன் வந்தார். "எவ்வளவு காணி, அத்தான்?"

"நாற்பது பரப்பு," என்றேன்.