கையுறை இல்லாத தையல்

கல்லூரியில் அவருக்குப் பஞ்சு வாத்தியார் என்று பெயர். செத்த பறவை எது கிடைத்தாலும் தோலை உரித்து, பஞ்சை அடைத்து, கிளையில் உட்கார வைத்துவிடுவார். அந்தப் பெயரை வைத்த மாணவன் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும். முதல்வர் அறைக்குச் செருப்புத் தேய நடந்து, பழைய சைக்கிள் கொட்டகையை உயிரியல் அருங்காட்சியகமாக மாற்றிக் காட்டியவர் இந்தப் பேராசிரியர்தான். திறப்பு விழாவில் கொட்டகைக்கு வெள்ளையடித்தவர் வரை எல்லாருக்கும் நன்றி சொன்னார். மனைவியைச் சொல்லவில்லை. வீட்டு ஆளுக்கு யாராவது மேடையில் நன்றி சொல்வார்களா?

ஆனால் அங்கிருந்த சின்னப் பறவைகள் அத்தனையும் அவள் தைத்தவை. பூச்சி அரிக்காமலிருக்கத் தோலின் உள்பக்கம் ஆர்சனிக் சோப்பைத் தடவி, டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து தைப்பாள். நூல்முனை பிரிந்தால் நாக்கில் தொட்டு முறுக்கிக்கொள்வாள். ஆய்வகத்தில் ஒரு மாணவன் கையுறை இல்லாமல் நின்றாலே பேயாட்டம் ஆடுகிற மனிதருக்கு வீட்டில் இது கண்ணில் படவில்லை. சட்டைக்குப் பொத்தான் தைப்பது மாதிரி இதுவும் ஒரு வீட்டு வேலை என்று நினைத்துவிட்டார். பாழாய்ப்போன நினைப்பு.

விழா முடிந்த சில மாதங்களில் அவள் உள்ளங்கை மிளகு மிளகாகத் தடித்தது. பாதம் மரத்துப்போனது. பிறகு வயிறு வீங்க ஆரம்பித்தது.

"வீட்டம்மா என்ன வேலை பாக்குறாங்க? ரசாயனம் எதுவும் புழங்குறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க டாக்டர். வீட்லதான் சும்மா இருக்கா."

அவர் பொய் சொல்லவில்லை. யார் கேட்டாலும் சொல்கிற பதிலை வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். டாக்டர் வேறு எதற்கோ மருந்து எழுதினார். அவளும் அதை மாதக்கணக்கில் விழுங்கினாள். கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே சேர்க்க வேண்டியதாயிற்று.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நாள் காலை அவர் புது மாணவர்களுக்கு அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பூச்சி ஏன் அரிப்பதில்லை என்று கேட்டார்கள். "ஆர்சனிக். கொடிய விஷம். அதான் கையுறை இல்லாம யாரும் தொடக் கூடாது" என்றார் பெருமையாக.

தேன்சிட்டின் வயிற்றுத் தையலைக் குனிந்து பார்த்த ஒரு மாணவி, "இவ்வளவு பொடித் தையலை கையுறை போட்டுக்கிட்டு எப்படி சார் தைச்சாங்க?" என்றாள்.

ஜன்னலோரம் நாக்கில் நூலைத் தொடுகிற முகம் அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. மாணவர்களை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அன்னைக்கே கேட்டேனே சார். அப்பவே சொல்லியிருந்தா தோதான மருந்து குடுத்திருக்கலாம். இப்ப ஈரல் போயிருச்சு."

கட்டிலருகே உட்கார்ந்து அவளிடமும் சொன்னார். சோப்பைச் சொன்னார், நூலைச் சொன்னார், டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். சொல்லச் சொல்லக் குழந்தை மாதிரி அழுதார்.

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் சும்மா இருக்கலையா?" என்றாள்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.