பன்னிரண்டிலிருந்து எட்டு வரை

பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்த அன்றுதான் இது ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்தில் என் காலேஜ் தோழி ரஞ்சனி வாங்கிய புது ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டு, நான்கு வயது ஆல்வினைக் கையில் பிடித்துக்கொண்டு பாலக்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். இரண்டு வயது ரியாவை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். "மாசமா இருக்கவங்க நிக்கிறாங்கள்ல, யாராவது எந்திரிச்சு எடம் குடுங்கப்பா" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கம்பிதான் இருந்தது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கால் கடுத்தது, உட்கார்ந்துவிட்டேன். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கியும் போனேன்.

வீட்டுக்கு வந்து ரஞ்சனிக்கு ஃபோன் போட்டு அழுதேன். "சிக்ஸ்டீன் எய்ட் இருந்து பாருடி" என்றாள் அவள். "ராத்திரி எட்டு மணியிலேருந்து மறுநாள் பன்னெண்டு வரைக்கும் தண்ணியும் கடுங்காப்பியும் மட்டும். பன்னெண்டுலேருந்து எட்டுக்குள்ள சாப்பிட்டுக்கலாம். எனக்கு ஆறு கிலோ போச்சு. அதை விடு, உடம்புல ஒரு தெம்பு வரும் பாரு." ரஞ்சனியின் வீட்டில் ஒரு கணவரும் ஒரு மணி பிளான்ட்டும் மட்டுமே உண்டு. இரண்டும் கூப்பிட்டுக் கத்துவதில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தெம்பு என்ற சொல்லில் விழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை எனக்கு இட்லி வேண்டாம் என்றேன். என் மாமியார் பேட்ரிசியா என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அன்று திருநீற்றுப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். எனக்கு அது ஞாபகமே இல்லை. இன்று என்ன கிழமை என்பதையே ஆல்வினின் யூனிஃபார்மைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்வது.

"ஒருசந்தி இருக்கப்போறியாம்மா?" என்றார். ஈஸ்டர் வரைக்கும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு நோன்பிருப்பதை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னைப் பார்த்துச் சந்தோஷத்தில் அவர் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை. நான் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

என் கணவர் டோமினிக்குக்கு உண்மை தெரியும். "அம்மா சந்தோஷமா இருக்காங்க, விடேன். எப்படியும் நீ சாப்பிடப்போறதில்ல. சாமிக்காக இருந்தா என்ன, வயித்துக்காக இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டு என் பங்கு இட்லியையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு ஷோரூமுக்குக் கிளம்பினார்.

பட்டினி கிடப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. கையை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து என் காலை டிபன் அவர்கள் மிச்சம் வைப்பதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆல்வின் கடித்துப் போட்ட தோசை ஓரம், ரியா துப்பிய இட்லி, பாலில் ஊறிய பிஸ்கட். கை தானாக எடுத்து வாயில் போட்டுவிடும். நாலாம் நாள் தோசை ஓரத்தைப் பாதி மென்றபிறகு ஞாபகம் வந்து சிங்க்கில் துப்பினேன். துப்பும்போது எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

அதைவிடப் பெரிய கூத்து பன்னிரண்டு மணிக்குமேல் நடக்கும். "வாயில சோத்த வச்சுக்கிட்டுப் பேசாதீங்க" என்று பிள்ளைகளுக்குத் தினமும் பத்துத் தடவை சொல்கிறேன். நான் ஒரு வாய் வைத்தால் போதும், வீடு முழுக்க கேள்வி கிளம்பும். அம்மா, என் காரு எங்க? லிசி, மாத்திரைப் பெட்டி எங்க வச்ச? நானும் மென்றுகொண்டே பதில் சொல்லி, பாதியில் எழுந்து, கையைக் கழுவிவிட்டுப் போவேன். பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது பெரிய விஷயமே இல்லை. எட்டு மணி நேரத்துக்குள் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டு முடிப்பதுதான் என்னால் ஆகவில்லை.

இதற்குள் மாமியார் அன்பியத்தில் சொல்லிவிட்டார். தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் செய்யும் குழு அது. லிசி இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருசந்தி இருக்கிறாள் என்று செய்தி பரவியது. உடனே இன்னின்னதுக்காக வேண்டிக்கொள் என்று ஜெபக் கருத்துகள் வந்து குவிந்தன. அன்பியத்தை நடத்தும் பாக்கியநாதன் சாருக்கு முழங்கால் வலி. மாமியாரின் தங்கைக்கு வழக்கு. மூன்றாவது வீட்டு மலர்க்கொடி அக்காவுக்கு மகனின் குவைத் விசா. "உன் பசியை எங்களுக்காக ஒப்புக்கொடுத்துரு லிசிம்மா" என்றார்கள். என் தூக்கத்தையும் முடியையும் இடுப்பையும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள், போகட்டும். எனக்கென்று மிச்சமிருந்தது இந்தப் பசி ஒன்றுதான். அதையும் தெருவே பங்குபோட்டுக்கொண்டது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. அன்று மாலை ஏழு மணிக்கு அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். சரியாகப் பன்னிரண்டுக்குத் தட்டில் சோறு போட்டு, நெத்திலிக் குழம்பை ஊற்றி உட்கார்ந்தேன். ரியா தூக்கத்திலிருந்து எழுந்து வாந்தி எடுத்தாள். தட்டை மூடி வைத்துவிட்டு அவளைக் கழுவி, பாயைக் கழுவி, தரையைக் கழுவி, சிலிண்டர்காரருக்குக் கதவைத் திறந்து, வேனில் வந்த ஆல்வினை இறக்கி வீட்டுக்குள் வந்தேன். ஹாலில் மலர்க்கொடி அக்கா என் தட்டில் கடைசி நெத்திலியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ மூடியே வச்சிருந்தியா, மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுட்டியோன்னு நெனச்சேம்மா" என்றார் மாமியார், குரல் தழுதழுக்க. "வீணாப் போக வேணாமேன்னு மலர்க்கொடிக்குக் குடுத்துட்டேன்."

"குழம்பு தேவாமிர்தம் லிசிம்மா" என்றார் அக்கா. "விசாவை மறந்துராத."

சட்டியில் சோறு அதிகம் இல்லை. இருந்த கொஞ்சத்தை ஆல்வினுக்கு ஊட்டினேன். அவன் மிச்சம்கூட வைக்கவில்லை. கூட்டத்துக்குச் சுண்டல் வேக வைத்து, வீட்டைக் கூட்டி, நாற்காலி இரவல் வாங்கி, ரியாவுக்கு மறுபடி துணி மாற்றி முடித்தபோது மணி ஆறரை. சின்ன குக்கரில் எனக்கென்று ஒரு டம்ளர் அரிசி வைத்தேன். அடிச்சட்டியில் ஒரு கரண்டிக் குழம்பு இருந்தது. இதை எட்டு மணிக்குள் சாப்பிட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். டோமினிக் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "இந்த டயட்டு ஆரம்பிச்சதுலேருந்து நீ சிடுசிடுன்னு இருக்க" என்றார். நான் சுண்டலைத் தாளித்தேன், அவ்வளவு அடக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஏழேகாலுக்குத்தான் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பாக்கியநாதன் சார் பைபிள் வாசித்து, விளக்கமும் சொன்னார். சுவர்க் கடிகாரம் எனக்கு நேரெதிரே இருந்தது. ஏழு நாற்பதுக்கு மன்றாட்டு தொடங்கியது. ஒவ்வொருவராகத் தங்கள் கருத்தைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். முழங்கால் வந்து போனது. வழக்கு வந்து போனது. மலர்க்கொடி அக்கா விசாவோடு பாஸ்போர்ட் நம்பரையும் சொன்னார். மணி ஏழு ஐம்பது.

"நமக்காக இவ்வளவு நாளா ஒருசந்தி இருக்குற பிள்ளை" என்றார் பாக்கியநாதன் சார். "உன் சொந்தக் கருத்து என்னம்மா? சொல்லு, எல்லாரும் மன்றாடுவோம்."

மாமியார் பெருமையோடு என்னைப் பார்த்தார். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நான் இருக்குறது ஒருசந்தி இல்ல சார்" என்றேன். "உடம்பு எளைக்கிறதுக்காக இருக்கேன். பஸ்ல என்னை மாசமா இருக்கேன்னு சொல்லிட்டாங்க. அத்தை கேட்டப்ப இல்லேன்னு சொல்ல வாய் வரல. மன்னிச்சிருங்க." நிறுத்தியிருக்கலாம், ஆனால் குக்கரின் சோற்று வாசனை ஹால்வரை வந்துவிட்டது. "இன்னிக்குக் காலையிலேருந்து நான் ஒண்ணும் சாப்பிடல. ஒரு தட்டு சோறு, சூடா, யாரும் கூப்பிடாம, உட்கார்ந்து சாப்பிடணும். அதுக்காக ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறேன்."

குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. பழக்க தோஷத்தில் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

சொல்லி முடித்த அந்த விநாடி பாத்ரூமிலிருந்து ஆல்வின் கத்தினான். "அம்மா! ஆய் போயிட்டேன்! கழுவி விடு!"

பதினைந்து தலைகளும் என் பக்கம் திரும்பின. டோமினிக்கின் தலையும்தான். அவர் பாத்ரூம் கதவுக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்தேன். எல்லாரும் வழிவிட்டார்கள். நேராகச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

தரையில் உட்கார்ந்து குக்கரைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. குழம்பை ஊற்றிப் பிசைந்து, சூட்டோடு ஒரு வாய் வைத்தேன். மணி ஏழு ஐம்பத்தைந்து.

"லிசி!" என்று டோமினிக்கின் குரல் கேட்டது. "சோப்பு எங்க இருக்கு? லிசி! மக்கு எங்க?"

மக்கு அவர் காலடியில்தான் இருக்கும். ஆனால் என் வாயில் சோறு இருந்தது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசக் கூடாது.