யாருடைய பெட்டரி

உக்குவளையில் ஏதோ திருத்த வேலை என்று காலை எட்டு மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். டொறீனுக்குப் பத்து மணிக்கு ஒன்லைனில் இன்டர்வியூ. கேட்பதை அங்கேயே டைப் பண்ணியும் காட்ட வேண்டுமாம். அவளுடைய பழைய லெப்டொப்போ வயரைக் கழற்றினால் அடுத்த நிமிடமே செத்துவிடும்.

"வேன்ல இன்வேர்ட்டர் இரிக்கி. தங்கச்சி உள்ளுக்கு இருந்து பேசட்டும்," என்றான் மேல்வீட்டு ஸுஹைல்.

டொறீனின் புருஷன் ஜெஸ்டினுக்கு வயிறு எரிந்தது. ஸுஹைலின் வேன் என்றாலே அவனுக்கு ஆகாது. அதில் ஏசி, அதில் டீவி. அந்த டீவியைப் பார்த்துப் பொறுக்காமல்தான் தன் த்ரீவீல் ஆட்டோவுக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர் பூட்டினான். ஸ்டாண்டில் என்ஜினை நிறுத்திவிட்டு நாள் முழுக்கப் பாட்டுப் போட்டான். இப்போது பெண்டாட்டியும் போய் அந்த வேனில் உட்கார வேண்டுமா?

"தேவயில்ல. நம்ம த்ரீவீல் இருக்கு," என்றான்.

போன் கடையில் ஓர் இன்வேர்ட்டரை இரவல் வாங்கிவந்து, ஜன்னலோரம் த்ரீவீலை நிறுத்தி, பெட்டரியில் மாட்டினான். வயரை ஜன்னல் வழியே உள்ளே விட்டான். லெப்டொப் உயிர் பெற்றது. ஜெஸ்டின் ஸுஹைலின் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இன்வேர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பாட்டுக் கேட்டே பெட்டரியைத் தின்று தீர்த்திருந்தான் மடையன். என்ஜினைப் போட்டால் அந்தச் சத்தத்தில் உள்ளே ஒன்றும் கேட்காது. இரண்டு வருஷமாகத் தேடிய வேலைக்காக டொறீன் உள்ளே மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டு ஸுஹைல், என்ஜின் போடாமலே, மேலேயிருந்து சரிவில் வேனை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தான். கையில் இரண்டு பெட்டரிகளையும் இணைக்கும் ஜம்பர் வயர். நேரே த்ரீவீலின் பெட்டரியிடம் போனான். ஜெஸ்டின் பல்லைக் கடித்துக்கொண்டு விலகி நின்றான். வயரை மாட்டியதும் கீச்சுச் சத்தம் நின்றது.

இன்டர்வியூ முடிந்து டொறீன் வெளியே வருவதற்குள் ஸுஹைல் வயரைச் சுருட்டி வேனுக்குள் போட்டுவிட்டான்.

"திங்கக்கிழம சேரச் சொல்லிட்டாங்க! ஒங்க பெட்டரி மட்டும் இல்லாட்டி..." ஜெஸ்டினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓ தங்கச்சி, சோக்கான பெட்டரி," என்றான் ஸுஹைல், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

வேனாவது, டீவியாவது! இத்தனை காலம் எரிந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்று ஜெஸ்டினுக்குப் பட்டது. இந்த மனசு ஏன் தனக்கு இல்லை?

"பொய் சொல்றான் டொறீன்!" என்று கத்தினான். "ஓடுனது அவன் பெட்டரியில. நம்மளது எப்பவோ செத்துப்போச்சு."