மாமனாரை விழுத்தியவன்

கொழும்புக் கிளப்பில் சம்பளத்துக்குப் பந்தடித்த முனாப், முழங்கால் கழன்றபின் ஏறாவூரில் பொடியன்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். எதிரணியின் பதினொரு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பாமலே சொல்வார். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டால் முழிப்பார்.

மகள் றமீஸாவுக்கு, அவருடைய அணியின் கோல்காப்பாளன் பாறூக்கைப் பேசிவந்தார்கள். மகளுக்கும் அவனையே பிடித்திருந்தது. அவன் உம்மா சபூரா, பெண் வீட்டார் சீதனமாகக் கட்டிக்கொடுக்கும் வீடு ஓட்டு வீடாக இருக்கவேண்டும், வெள்ளிக்குள் பதில் வேண்டும் என்றாள். பாறூக்கை இன்னும் இரண்டு வீடுகள் கேட்டுக்கொண்டிருந்தன. முனாபோ, "பாப்பம், பாப்பம்" என்றார்.

"எதப் பாக்கப் போறீங்க? தினமும் கோலுக்க நிக்கிறவன்தானே?" என்றாள் மனைவி கைறுன்னிஸா.

"பந்து வந்தா என்ன செய்வானெண்டு தெரியும். பந்து போனா?"

இது என்ன பேச்சென்று அவளுக்குத் தலை வெடித்தது. வியாழன் அசர் தொழுகைக்குப் பின், மைதானத்தோரத் தென்னங்கிடுகு வேலியில் கண்ணை வைத்தாள்.

மைதானத்தின் ஒரு பக்கம், ஆமி விட்டுப்போன காவலரண். முள்ளுக்கம்பிக்கு அப்பால் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை: மிதிவெடி. அந்தப் பக்கம் போன பந்தை ஊரே மறந்துவிடும். அன்றைக்கு முனாப் அடித்த பந்து நேரே அங்கேதான் போனது.

"அடிச்சவன்தான் எடுக்கணும். என்ட சட்டம், எனக்கும்தான்," என்று கம்பியை நோக்கி நடந்தார். சேரை மறிக்க யாருக்கு வாய் வரும்? பொடியன்கள் மரமாக நின்றார்கள். பாறூக் மட்டும் ஓடிவந்து பாய்ந்து இரண்டு காலையும் கட்டிப்பிடித்தான். முனாப் முகங்குப்புற மண்ணில் விழுந்தார்.

"விடுடா!"

"அடிங்க, ஏசுங்க சேர். விடமாட்டன்!"

கல்யாணம் கவிழ்ந்தது என்று கைறுன்னிஸா நெஞ்சில் கைவைத்தாள். ஆனால் முனாப் முழங்கை உரிய, இளித்தபடி வீட்டுக்கு வந்தார். "ஓமெண்டு சொல்லு."

"ஒங்கட கால் பட்ட பந்து எண்டைக்கு வழி தவறினது? அவன் புடிக்காட்டி?"

"கம்பிக்கு இங்காலயே முழங்கால் புடிச்சிருக்கும்." அவர் எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். "துணிஞ்சு போறவனுகள் இந்தக் காலத்துல நெறய. பெரியவனெண்டும் பாக்காம நிப்பாட்டுறவன்தான் இல்ல."

அவள் ஏச வாயெடுக்கும்போது, வாசலில் சபூரா, கையில் இனிப்பு வட்டிலப்பத்தோடு.

"மச்சி, மாமனாரையே விழுத்திப்போட்டான் படுபாவி! ஓட்டு வீடெல்லாம் வேணாம், கிடுகுக் கூரை போதும். மறுக்க மட்டும் வேணாம்."

கைறுன்னிஸா கூரையைப் பார்த்து நீளமாக மூச்சுவிட்டாள். உள்ளே றமீஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருக்கு எலும்பெல்லாம் நோவு, சபூரா... கிணறும் நாங்கதான் வெட்டணுமா?"

"கிணத்த நாங்க வெட்டுறம்!"

"சரி, உள்ளுக்கு வாங்க," என்று வட்டிலப்பத்தைக் கையில் வாங்கினாள்.