எங்கே அனுப்பினாலும்

லிஸ்பனில் படித்த அந்த ஒரு செமஸ்டரைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். கடல், வெயில் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். கடலும் வெயிலும் இருந்தன. இருந்து என்ன?

நானும் ரிக்கோவும் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் அவள் பின்வாங்கினாள்.

"ஊரே கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு இன்டர்வியூவுக்கு ஓடுற நேரத்துல எவளாச்சும் வெளிநாடு போவாளாடி? படிப்பு முடியறதுக்குள்ள வேலை கெடைக்கலன்னா அப்புறம் ஒசாகாவுல நம்மள நாய்கூட சீண்டாது."

"பொறாமையில பேசாத. மத்தி மீன் திங்கும்போது உன்ன நெனச்சுக்கறேன்," என்றேன்.

என்ன கொழுப்பு எனக்கு.

எதைக் கேட்டாலும் தலையாட்டிப் பழகியவள் நான். அங்கே வகுப்பெடுத்த லுர்தெஸ் அம்மாளுக்கு அது ஆகவே ஆகாது. "புரியாம எதுக்குத் தலையாட்டுற? யோசிச்சு சொல்லு," என்று மேசையைத் தட்டுவார். முதல் முறையாக நான் "யோசித்துச் சொல்கிறேன்" என்ற அன்று எனக்குக் காபி வாங்கித் தந்தார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கோடையில் திரும்பி வந்தபோது ரிக்கோவுக்கு எழுதுபொருள் கம்பெனி ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தது. எனக்கு மிஞ்சியது கோபேயில் கூரை ஓடு செய்யும் ஒரு கம்பெனியின் இன்டர்வியூ மட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.

"எந்த ஊருக்கு அனுப்பினாலும் போவீங்களா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

மகிழ்ச்சியோடு போகிறேன் என்பதுதான் சொல்ல வேண்டிய பதில். என் வகுப்பில் எல்லோரும் வசந்தம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று அதைச் சொல்லிப் பழகியிருந்தார்கள். எனக்கு லுர்தெஸ் அம்மாள் மேசை தட்டும் சத்தம்தான் கேட்டது.

"எந்த ஊருன்னு சொன்னீங்கன்னா யோசிச்சு சொல்றேன்."

மூவரும் சிரித்த முகமாக இருந்தார்கள். ஒருவர் பேனாவை மூடினார். அவ்வளவுதான் என் வாழ்க்கை.

அடுத்த வருடம் போனால், இது புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கான வரிசை என்றார்கள். அதன்பின் எல்லாம் ஒப்பந்த வேலை. அக்கம்பக்கத்தில் நான் இன்னும் போர்ச்சுகலில் இருப்பதாகவே அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இருட்டிய பிறகுதான் அவளைப் பார்க்கப் போவேன்.

கடைசியில் ரிக்கோவின் கம்பெனிக்கே ஒப்பந்த ஆளாக வந்து சேர்ந்தேன். அவள் அங்கே ஆளெடுக்கும் பிரிவில் அதிகாரி. மூன்று வருடம் முடிந்தால் என் ஒப்பந்தத்தை நீட்ட முடியாது. நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் அனுப்ப வேண்டும்.

"மேல பேசிட்டிருக்கேன். நீ வாயத் தொறக்காம வேலையப் பாரு," என்று ரிக்கோ லிஃப்டில் சொன்னாள். அதை நம்பி வீட்டிலிருந்து ஒரு பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். ஒப்பந்தக்காரர்கள் காகிதக் கோப்பையில்தான் குடிப்போம்.

ஏப்ரலில் மாஃபுயு என்ற புதுப் பெண் வந்தாள். என் வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். ஒத்தாசைக்கு ஆள் என்றுதான் நினைத்தேன்.

"தோமோகா சான், நீங்களும் லிஸ்பன்ல படிச்சீங்களாமே! நானும் அங்கதான்," என்றாள், மதியம் சோற்றுருண்டையைப் பிரித்தபடி. "இன்டர்வியூல எங்க அனுப்பினாலும் போவியான்னு கேட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னுட்டேன். எங்கப்பா தலையில அடிச்சுக்கிட்டாரு. ஆனா கேள்வி கேட்ட ரிக்கோ சான், வெளிநாட்டுல படிச்சவங்ககிட்ட நாங்க எதிர்பார்க்கறதே இதத்தான்னாங்க."

எனக்குப் புரையேறியது. நல்ல பெண், ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சாயங்காலம் ரிக்கோ என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உனக்காகக் கேட்ட நிரந்தர எடத்துக்கு மாஃபுயுவ எடுத்துட்டாங்கடி. என்னால முடியல." என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேற ஊர்ல கெடங்குக்கு ஆறு மாசத்துக்கு ஆள் கேக்கறாங்க. அதுவும் ஒப்பந்தம்தான். எந்த ஊருன்னு இன்னும் முடிவாகல. யோசிச்சு சொல்லு."

மேசை தட்டும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு கணம் காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுந்து நின்று, கையைத் தொடையோடு ஒட்டிவைத்து, இடுப்பு வளையக் குனிந்தேன்.

"எங்கே அனுப்பினாலும் மகிழ்ச்சியோடு போகிறேன்," என்றேன். கண்ணாடி முன் பழகியவள் போல, ஒரு பிசிறு இல்லாமல் வந்தது.