பீப்பாயைக் கழுவியவர்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. என் தங்கை கணவர் சொன்னது. விஸ்கிக் கிடங்கில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அவர் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்று தெரியாததால் முழுதாகவே தருகிறேன்.

2

முதல் வரி: "பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பீப்பாய் இருளில் கனவு கண்டு..."

(அடித்துவிட்டேன். பீப்பாய் கனவு காணாது. சும்மா கிடக்கும்.)

விஷயம் இதுதான். ஷெர்ரி என்னும் திராட்சை மது பல காலம் கிடந்து காலியான ஓக் பீப்பாயில், தண்ணீர் நிறத்துப் புது சிங்கிள் மால்ட் விஸ்கியை ஊற்றி அடைப்பார்கள். மரம் தான் குடித்த ஷெர்ரியைக் கொஞ்சம் கொஞ்சமாக விஸ்கிக்கு ஊட்டும். நிறம் சிவக்கும், உலர்திராட்சை மணம் ஏறும்.

(குறிப்பு: வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகிவிடும். தேவதைகளின் பங்கு என்பார்கள். மாப்பிள்ளையின் தொப்பையைப் பார்த்தால், அந்தத் தேவதையை எனக்குத் தெரியும் போலிருக்கிறது.)

3

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், காலியாக வந்த ஷெர்ரி பீப்பாய் ஒன்றில் புளித்த வாடை அடித்தது. மாப்பிள்ளை சுத்தக்காரர். கொதிநீரும் சலவை சோடாவும் விட்டு மூன்று தடவை கழுவிவிட்டார். எதற்காக அதைக் கடல் தாண்டி வரவழைத்தார்களோ, அந்த ஷெர்ரி வாசனை சாக்கடைக்குப் போனது. செய்த காரியம் புரிந்தபோது விஸ்கியை ஊற்றி அடைத்தாகிவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் யாரிடமும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லையாம். (இங்கேதான் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. என் வழுக்கைக்குத் தைலம் தடவுவதை ஊர் முழுக்கச் சொன்னவர் இவர்.)

4

பீப்பாயைத் திறக்கும் நாள். மோந்து பார்த்தே தரம் சொல்லும் பெரியவர், பட்டப்பெயர் மூக்கர், அன்றோடு ஓய்வு பெறுகிறார். சுற்றிலும் விருந்தினர். புட்டிகளில் ஒட்ட 'ஷெர்ரி பீப்பாய்' என்று அச்சடித்த சீட்டுகள் தயார். உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளைக்கு வேலை போகும்.

மூக்கர் கிளாஸை முகர்ந்தார்.

"ஆகா! உலர்திராட்சை... அத்திப்பழம்... வறுத்த பாதாம்!"

இனி உண்மை வெளிவந்தால் சபையில் மூக்கருக்கு மூக்கே போகும். மாப்பிள்ளை அவர் காதருகே போனார். "ஐயா, ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன்..."

"என்னய்யா குசுகுசுங்கற? பன்னெண்டு வருஷம் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டவன் நீ. இந்தா, மோந்து பாத்து நீயே இவங்ககிட்ட சொல்லு!"

5

முடிவு அ: உண்மையைச் சொல்கிறார். வேலை போகிற...

(வேண்டாம். தங்கை என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.)

முடிவு ஆ: "திராட்சைதாங்க" என்கிறார். பொய்ச் சீட்டோடு புட்டிகள் கடைக்குப் போகின்றன.

முடிவு இ: நிஜமாகவே திராட்சை மணக்கிறது. மரத்தின் உள்ளே இறங்கியதைச் சோடாவால் எட்ட முடியவில்லை.

எழுத்தாளனாக இருந்தது போதும் என்று நேராகவே கேட்டேன்.

"மாப்பிள்ளை, வாசனை இருந்துச்சா, இல்லையா?"

"எனக்கெப்படி மச்சான் தெரியும்? அன்னைக்கு எனக்குச் சரியான ஜலதோஷம்."

ஆகவே மூக்கர் இன்னும் கிளாஸை நீட்டியபடியே நிற்கிறார். கை வலிக்கும், பாவம். உங்களுக்கு மூக்கடைப்பு இல்லையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.