பெயர் எழுதாத சீட்டு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு மாமியார்ச் சொல்லின் கதை சொல்கிறேன்... ஆதி ஸ்லாவியச் சொல், ஸ்வெக்ரி, கணவனைப் பெற்றவள், வேற்றுமை உருபு ஏறினால் நடுவே ஒரு வகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஸ்வெக்ருவெ, புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்காருகிறவளைப் போலவே, அந்தக் காலத்தில் யாரும் எழுதிவைக்காததால் அகராதியில் அதன் தலைமேல் ஒரு நட்சத்திரம். ரஷ்யாவில் அதன் வாரிசு உண்டு, செர்பியாவில் உண்டு, எங்கள் செக் மொழியில் மட்டும் செத்துப்போனது என்று எங்கள் அகராதியின் பதிப்பாசிரியர் ஹீனெக் ஐயா அச்சுப்படியில் சிவப்பு மையால் எழுதிவிட்டார், செத்துப்போனதாம், யாரைக் கேட்டு? நான் வாழ்க்கைப்பட்ட மலையூரில் என் காதால் கேட்டு அகராதிக்கென்று எழுதிய சீட்டு பன்னிரண்டு வருடமாக இழுப்பறையில் கிடக்கிறதே, பட்டம் வாங்காதவள் எழுதினால் சீட்டு இல்லையா... அச்சுப்படியை வாங்கப் பதினோரு மணிக்கு அச்சகத்து ஆள் வந்துவிடுவான், அலுவலக வாசலில் வீட்டுச் செருப்புக்குக்கூட மாறாமல் தெருச் சப்பாத்தோடே உள்ளே நடந்தேன், எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். ஐயாவுக்கு அன்று பெயர்நாள், நாட்காட்டியில் அவர் பெயர் வரும் நாள், மேசை நிறைய முட்டையும் ஊறுகாய் வெள்ளரியும் அடுக்கிய ரொட்டித் துண்டுகள்.

"ஸ்திஸ்லாவாம்மா, மொதல்ல ஒண்ணு எடுங்க. வெறும் வயித்துல கோவம் ஆகாது."

"ரொட்டி கெடக்கட்டும் ஐயா, என் சீட்டு என்னாச்சு?"

"நீங்களே பாருங்க. சொன்னவங்க பேரு எங்க? பேரில்லாத சீட்டு செல்லாதுன்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்ததே நீங்கதானே."

வெறுங்கட்டம்... என் கையெழுத்துதான், ஊர் இருக்கிறது, தேதி இருக்கிறது, பெயர் இல்லை, மறதியா, மறதியாவது, அந்தக் குளிர்காலம், மெத்தைக்கு வாத்திறகு உரிக்க ஊர்ப் பெண்கள் கூடியிருந்த அறை, நான் ஒரு தும்மல் தும்மி மேசை இறகெல்லாம் பறந்துபோக, என் மாமியார், ரொசாலியே என்று பெயர், சொன்னாள், "பாத்தீங்களாடி பட்டணத்து மருமகள, தும்மத்தான் தெரியுது, இவளுக்குப் போயி நான் ஸ்வெக்ருவா." சிரிப்பு, இன்னும் காதில் இருக்கிறது... சொல் மட்டும் வேண்டும், அவள் வேண்டாம், அவள் பெயர் என் கையால் அகராதியில் ஏறுவதா, ஏறாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு விட்ட கட்டம் இது, அவள் போய் நான்கு வருடமாகிறது, இத்தனை நாள் சொல்லைக் கொன்றது யார்? ஹீனெக்கா?

ஐயா பேனாவை நீட்டினார். ரொசாலியே என்று எழுதினேன், காகிதம் கிழியும்படி. பக்கத்தில் இன்னொரு கட்டம், சீட்டு எழுதியவருக்கு என்ன உறவு... மாமியாருக்கு ஊரெல்லாம் வழங்குகிற சொல்லை எழுதப் போன கை, அவள் சொன்ன ஸ்வெக்ருவாவை எழுதிற்று. கோபம் இறங்கவில்லை, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போய் வாருங்கள் கண்ணுகளா, உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும், ஒருத்தி பெயரை ஒருத்தி உயிரோடிருக்கும்போதே சொல்லி அழைக்கட்டும்.